மலை ஏறப் போகிறீர்களா? பையைச் சரிபாருங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சகோதரிகள் பலர் சிவனொளிபாதமலைக்குப் போய்வர விரும்புகிறார்கள். நேர்த்தி வைத்தவர்களும் உண்டு. பிள்ளைகளின் ஆசைக்காகப் போகிறவர்களும் உண்டு. பை கட்டுவது நமக்குப் புதிய வேலை அல்ல. யுத்த காலத்தில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பால்மா, டோர்ச் என்று ஒரு பையைத் தலைமாட்டில் வைத்து உறங்கியவர்கள் நாம். அந்தக் கவனம் மலைப் பயணத்திற்கும் தேவை.

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சுமார் 6 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். ஆகவே கொழும்பை விட உச்சியில் 13 பாகையளவு குளிர் கூடுதலாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையில் காற்றுப் பட்டால் உடல் விரைவாகக் குளிர்ந்துவிடும். மாற்று உடையையும் சுவெட்டரையும் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். காற்றில் குடை பயன்படாது. மழை அங்கி எடுங்கள்.

நல்லதண்ணி வழியில் 5,000க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். செருப்பைத் தவிர்த்து, வழுக்காத சப்பாத்து அணியுங்கள். ஊன்றுகோல் ஒன்றும் உதவும்.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது, ஜீவனி பைக்கற், பேரீச்சம்பழம், கச்சான், பிஸ்கற், பஞ்சு, பன்டேஜ், கிருமிநாசினி, பனடோல், டோர்ச், விசில். பகலில் ஏறினாலும் டோர்ச் அவசியம். மூடுபனி வந்தாலோ, ஒருவருக்குக் கால் சுளுக்கினாலோ இருட்டிய பின்தான் இறங்க நேரிடும். வழி தவறினால் விசிலை மும்முறை ஊதி, இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இளைப்பு உள்ளவர்கள் தமது மருந்தைத் தாமே சுமக்க வேண்டும். மற்றவரின் பையில் கொடுத்தால் தேவைப்படும் நேரத்தில் அவர் முன்னே போயிருப்பார். உடலில் ஷெல் துண்டு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். செயற்கைக் கால் அணிந்தவர்கள் மாற்று உறைகள் கொண்டுபோய், வியர்வையில் நனைந்ததை இடையிடையே மாற்றுங்கள். தோல் சிவந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம்.

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையே யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் வழியில் விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இரா. மழையும் காற்றும் கடுமை. பங்குனி, சித்திரையில் பிற்பகலில் இடி மின்னல் வருவதுண்டு. விடியலில் ஏறி மதியத்திற்குள் இறங்கத் தொடங்குங்கள். மின்னும்போது இரும்புக் கைப்பிடிகளைத் தொடாதீர்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

புறப்படுமுன் யார் யார் போகிறீர்கள், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதி அயல்வீட்டு அக்காவிடம் கொடுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தையும் 119 என்ற பொலிஸ் இலக்கத்தையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். குளிரில் தொலைபேசியின் பற்றரி விரைவில் இறங்கிவிடும்.

ஒருவருக்கு இயலாமல் போனால் தனியே இருத்திவிட்டுப் போகாதீர்கள். எல்லோரும் சேர்ந்தே திரும்புங்கள். மலை எங்கும் போகாது. அடுத்த ஆண்டும் ஏறலாம்.