காக்பிட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

கோவை விமான நிலையத்தில் ஏர்பஸ் ஏ320இல் ஏறியவர்கள் பலர் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். விமானம் கிளம்புவதற்கு முன், இறக்கைப் பக்கத்து இருக்கைகளின் காலடியில் நாய் விட்டுவிட்டுக் குரைப்பது மாதிரி வரும். பழுது ஒன்றும் இல்லை. பச்சை, மஞ்சள் என்று பெயரிட்ட இரு ஹைட்ராலிக் அமைப்புகளின் அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால், ஒன்றின் அழுத்தத்தை மற்றொன்றுக்கு மாற்றித்தரும் பிடியு என்ற கருவி ஓடுகிற ஓசை அது. பயணிக்கு நன்றாகக் கேட்கும் இந்த ஓசை முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு ஏறத்தாழக் கேட்பதே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ32என்எக்ஸ் விமானத்தில், இந்த ஓசை காக்பிட்டில் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி சுவிட்சே இருக்கிறது. நமக்குப் பழகிய சத்தம் வேண்டுமா, விமானியின் காதில் விழும் சத்தம் வேண்டுமா என்பதுதான் அந்த சுவிட்சில் அடங்கிய கேள்வி. சிமுலேட்டரின் ஒலி ஸ்லைடர்கள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே நகர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் விமானங்களில் ஒலி என்பது பதிவுசெய்த துண்டுகளின் தொகுப்பு. எஞ்சின் சுழற்சி ஏற ஏற ஒரு துண்டு மங்கி அடுத்தது எழும். காற்றின் இரைச்சல், சுவிட்சுகளின் சொடுக்கு, எச்சரிக்கைக் குரல்கள் எல்லாம் தனித்தனி அடுக்குகள். முன்பு எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் காலத்தில் விமானத்தின் கோப்புறையைத் திறந்து ஒலிக்கோப்புகளையே மாற்ற வேண்டியிருந்தது; இப்போது பல விமானங்களில் திரையிலேயே மாற்றிவிடலாம். இந்த வசதி வந்ததும் பலர் முதலில் செய்வது எஞ்சினை ஏற்றுவது. அடுத்து, ஓயாமல் கத்துகிறது என்று எச்சரிக்கையைத் தணிப்பது. இரண்டுமே தலைகீழ். நிஜ விமானி ஹெட்செட் அணிந்திருக்கிறார். ஜெட் விமானத்தில் எஞ்சின் அவருக்கு வெகு பின்னால் இருக்கிறது. அவர் காதில் அதிகம் விழுவது மூக்குப்பகுதியை உரசும் காற்றுதான். எனவே எஞ்சினைக் குறைப்பதில் பொய் எதுவும் இல்லை. எச்சரிக்கையைக் குறைத்தால் காக்பிட்டே பொய்யாகிவிடும்.

காரணத்தை 2005 ஆகஸ்ட் 14 சொல்கிறது. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737இல், உள்காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தானியங்கி நிலைக்குத் திருப்பப்படாமல் இருந்தது. விமானம் உயர உயர உள்ளே காற்று மெலிந்தது, ஹாரன் ஒலித்தது. அந்த மாடலில் தரையில் புறப்பாட்டுக்கான அமைப்பு தவறு என்று சொல்லவும், வானில் உள்காற்றழுத்தம் குறைகிறது என்று சொல்லவும் ஒரே ஹாரன்தான். விமானிகள் அதை முதல் பொருளில் எடுத்துக்கொண்டார்கள். பிராணவாயு குறைந்து நினைவிழந்தார்கள். 121 பேரும் இறந்தார்கள். ஒலி குறைவாக இருந்ததால் வந்த விபத்து அல்ல இது. எந்த ஓசை எப்போது எதைச் சொல்கிறது என்பது விமானிக்கு உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மங்களூரு விமான விபத்தைக் காட்டி இதை மறுக்கலாம். 2010 மே 22 அன்று தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி வேகமாக இறங்குகிறாய், மேலே இழு என்று குரல் கொடுத்தது. துணை விமானியும் திரும்ப மேலேறச் சொன்னார். இறங்குவது நிற்கவில்லை, 158 பேர் மாண்டார்கள். ஒலி இருந்தும் பயனில்லையே? உண்மைதான், ஒலி மட்டும் யாரையும் காப்பாற்றாது. கேட்டதும் கை இயங்கும் பழக்கமும் வேண்டும். அந்தக் குரலைத் தொந்தரவு என்று தணித்துவைப்பவர் வளர்ப்பது அதற்கு நேர் எதிரான பழக்கத்தை. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் அத்தனை இரைச்சலிலும் ஒரு தறியின் தாளம் பிசகினால் தலையைத் திருப்புகிறார். அந்தக் காது வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்தது.

வீட்டில் விளையாடுகிறவருக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பது நியாயமான கேள்வி. டர்பைன் முழங்குவதை ரசிக்கவே வாங்கியவர் முழங்க விடட்டும். அது அவர் மாலைப்பொழுது. ஆனால் கொமரலிங்கத்துக்குப் பக்கத்து அமராவதிநகரில் 1962 முதல், பிள்ளைகளைப் படைப்பணிக்குத் தயார்செய்யும் சைனிக் பள்ளி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் விமானியாகும் ஆசையோடு மடிக்கணினி முன் உட்காரும் பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் காக்பிட் இந்த சிமுலேட்டர்தான். விமான நிறுவனங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் உயர்நிலை சிமுலேட்டர்களில் ஒலியை நிஜ விமானத்தின் பதிவோடு அலைவரிசைப் பட்டை வாரியாக ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும் என்பது நடைமுறைச் சிக்கல். அதற்கு வழி இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட 737 ஆட்-ஆனைத் தரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, ஃப்ளாப்பை இறக்காமல் த்ராட்டிலை முன்னே தள்ளுங்கள். ஹீலியோஸில் ஒலித்த அதே வகை ஹாரன் வரும். எஞ்சின் இரைச்சலை மீறி அது தெளிவாகக் கேட்கும்வரை எஞ்சின் ஸ்லைடரை இறக்குங்கள். எச்சரிக்கை ஸ்லைடரைத் தொடாதீர்கள்.