டேன்ஸ்பர்க் கோட்டை, தரங்கம்பாடி

இந்தக் கீழ்த்தள அறைகள் சரக்குக் கிடங்காகவும் சிறையாகவும் இருந்தவை. ஆளுநர் குடியிருந்தது மேல்தளத்தில். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் ஆண்டுக் கப்பம் பேசி, டேனியருக்கு இங்கே இடம் கொடுத்தார். அன்று நிபந்தனை விதித்தவர் தஞ்சை மன்னர். நாயக்கர் ஆட்சி 1673-இல் வீழ்ந்தது, பிறகு மராட்டியர். 1799-இல் தஞ்சை நாட்டின் நிர்வாகமே ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு அதே கம்பெனிக்கு விற்றனர். கோட்டை மட்டுமா? மீனவர் குடியிருப்பும் கடைத்தெருவும், உயிருள்ள ஓர் ஊரே ஒரு பத்திரத்தில் கைமாறியது. இந்தச் சுவர்கள் சொல்லும் செய்திகளில் அதுவே பெரிது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது; கோட்டை பின்னாளில் பயணியர் விடுதியாயிற்று.