செல்போன் சேவை: மலிவுக்கு முன் சிக்னலைப் பாருங்கள்

புதுதில்லி: 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் செல்போன் கட்டணத்தை உயர்த்தின. அதன்பின் மலிவான திட்டத்தைத் தேடும் வாடிக்கையாளர், தமது இடத்தில் சிக்னல் கிடைக்குமா என்பதையும் பார்ப்பது அவசியம்.

இதற்குச் சான்று கொச்சியின் மட்டாஞ்சேரி. கொச்சியில் 2022 டிசம்பரில் 5ஜி சேவை தொடங்கியது. மட்டாஞ்சேரியிலோ தடித்த சுவர்களைக் கொண்ட பழைய மிளகுக் கிடங்குகள் பல உள்ளன. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஊடுருவும் திறன் குறைந்தவை. 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் எளிதில் உட்புகும். எனவே, தெருவில் விரையும் இணையம் கிடங்கினுள் தடைபடலாம். அங்கு பணப் பரிமாற்றம் நின்றால் வியாபாரமும் நிற்கும்.

எங்கெங்கு சேவை உண்டு என்பதைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தத்தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2024-ஆம் ஆண்டு விதிகள். வேகத்தை அளக்க, டிராயின் 'மைஸ்பீட்' செயலி 2016 முதல் உள்ளது.

வரைபடங்களை ஒப்பிட்டு, நண்பரின் சிம் கார்டைக் கொண்டு கடைக்குள்ளேயே வேகத்தைச் சோதித்த பிறகு முடிவெடுப்பது நல்லது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது.