கருந்துளைக்குள் கும்பகோணம் கணக்கு... ராமானுஜன் ஃபார்வர்டு எவ்வளவு உண்மை?

'கருந்துளை ரகசியத்தை 1920-லேயே கண்டுபிடிச்ச தமிழர்!' - இப்படியொரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். உண்மையா? பாதி உண்மை. ஆனா, அந்தப் பாதியே செம சுவாரஸ்யம்!

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் ராமானுஜன். உடல்நலம் மோசமாக இருந்த நிலையில், 1920 ஜனவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் 'மாக் தீட்டா' என்ற புதுவகைச் சார்புகளுக்கு 17 உதாரணங்கள் இருந்தன. முழு விளக்கம் இல்லை. ஏப்ரல் 26-ல், 32 வயதில் இறந்துபோனார். அந்தப் புதிரை ஸ்வெகர்ஸ் என்ற டச்சுக் கணிதவியலாளர் அவிழ்த்தது 2002-ல்தான்!

சரி, கருந்துளை எங்கே வந்தது?

எல்லாம் எண்ணுற வேலைதான். களத்துல 4 மூட்டை நெல் இருக்கு. அதை எத்தனை விதமா அட்டி போடலாம்? ஒரே அட்டியா 4, இல்லைன்னா 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 10 மூட்டைன்னா 42 விதம். 100 மூட்டைன்னா 19 கோடியைத் தாண்டிடும்! இந்த எண்ணிக்கையைக் கணக்கிட, 1918-லேயே ஹார்டியும் ராமானுஜனும் சூத்திரம் கொடுத்துட்டாங்க.

கருந்துளைக்கும் 'என்ட்ரோபி' உண்டுன்னு 1970-களில் பெக்கன்ஸ்டீனும் ஹாக்கிங்கும் சொன்னாங்க. வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியுற கருந்துளைக்கு, எத்தனை குவாண்டம் நிலைகள் இருக்க முடியும் என்பதன் அளவு அது. அதாவது, மூட்டைக் கணக்கோட பிரபஞ்ச வெர்ஷன்! ஸ்டிரிங் தியரிப்படி சிலவகைக் கருந்துளைகளின் நிலைகளை எண்ணினால், மாக் தீட்டா குடும்பத்துச் சார்புகள் வந்து நிற்பதை 2012-ல் தபோல்கர், சமீர் மூர்த்தி, ஸாகியர் மூவரும் காட்டினாங்க.

அப்போ ஃபார்வர்டு?

1920-ல் 'பிளாக் ஹோல்'ங்கிற பேரே புழக்கத்தில் இல்லை. ராமானுஜன் யோசிச்சது எண்களை மட்டும்தான். இன்னொண்ணு... இவை காகிதத்துல இருக்கும் கருந்துளைகள். டெலஸ்கோப்புல யாரும் பார்த்தது இல்லை. ஸ்டிரிங் தியரியே இன்னும் பரிசோதனையில் நிரூபணமாகலை.

ஆனா, இதனால அவர் பெருமை குறையுமா என்ன? மத்த பாடங்கள்ல ஃபெயிலாகி, கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பை இழந்தவர் அவர். 'இதனால என்ன பிரயோஜனம்?'னு பார்க்காம அவர் போட்ட கணக்கு, 92 வருஷம் கழிச்சு இயற்பியலுக்குக் கைகொடுத்திருக்கு.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, இதையும் சேர்த்து அனுப்புங்க!