"இதுல வெயிட்டே இல்லையே மாப்ளே!" - ஜேசிபி ஓட்டுநர் ஓட்டிப் பார்த்த போர் ரோபோ

"என்ன மாப்ளே, இத்தாப்பெரிய இரும்பு... கொசு மாதிரி பறக்குது?"

லேப்டாப் திரையைப் பார்த்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி இது. மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பதினெட்டு வருடமாக ஜேசிபி ஓட்டுகிறார். வல்லத்திராக்கோட்டையைச் சுற்றி எந்தக் கண்மாயில் எவ்வளவு வண்டல் கிடக்கிறது, எந்தத் தைலமரத் தோப்பில் தூர் பறிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் நான் கொடுத்தது, 'மெக்கா பிரேக்' என்ற வீடியோ கேமின் டெமோ.

2025 மாசிமகத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் என் பையில் லேப்டாப் இருப்பதைப் பார்த்ததும், "மாமா, டெமோ 16-ம் தேதியோட முடியுது. எப்படியாச்சும் இறக்கிக் கொடுங்க" என்று பின்னாலேயே சுற்றினான். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் போனை ஹாட்ஸ்பாட் போட்டு, ராத்திரி முழுக்க இறக்கினோம்.

டெமோ என்பது பலகாரக் கடையில் கையில் ஒரு விள்ளல் வைத்துத் தருவார்களே, அது மாதிரி. கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்ற இணையக் கடை, இனி வரப்போகும் விளையாட்டுகளை இப்படி ருசி பார்க்க ஒரு திருவிழாவே நடத்துகிறது. 2025 பிப்ரவரி கடைசியில் நடந்த அந்தத் திருவிழாவில், அமேசிங் சீசன் என்ற சீன நிறுவனத்தின் 'மெக்கா பிரேக்'கில் கூட்டம் அலைமோதியது. ஒரே நேரத்தில் 3 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள்.

'மெக்' என்றால் என்ன? 'எந்திரன்' சிட்டி மாதிரி தானே யோசிக்கும் ரோபோ இல்லை. மெக்குக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் கையை அசைத்தால்தான் அது அசையும். 1979-ல் ஜப்பான் டி.வி-யில் வந்த 'குண்டம்' தொடர் இந்தக் கற்பனையை உலகமெல்லாம் கொண்டுபோனது. அந்தக் கதையில் வரும் ரோபோவின் உயரம் 18 மீட்டர். அதே உயரத்தில் யோகோஹாமாவில் ஒன்றைச் செய்து, கை காலை அசைக்கவும் விட்டிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் மச்சான், "நம்ம குளமங்கலத்துக் குதிரையைவிடப் பெருசா?" என்றார். பெரிதுதான். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை சுமார் 33 அடி. குண்டம் 59 அடி. ஆனால், மாசிமகத்துக்கு ஜனங்கள் லாரி லாரியாகக் காகிதப்பூ மாலை கொண்டுவந்து போடுவது எங்கள் குதிரைக்குத்தான்!

சரி, விளையாட்டுக்கு வருவோம். உள்ளே போனதும் ஒரு பட்டறையில் வகை வகையாக இயந்திரங்கள் நிற்கின்றன. ஃபால்கன் நினைத்தால் போர் விமானமாக மாறும். நருகாமி ஒளிந்திருந்து தூரத்திலிருந்து சுடும். அடிபட்ட கூட்டாளிகளைப் பழுது பார்க்கும் இயந்திரத்தின் பெயர், பினாகா. சிவபெருமானின் வில்லின் பெயரை வைத்துவிட்டு வைத்தியம் பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். யார் யோசனையோ தெரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. மூன்று பேருக்கு மூன்று பேர், ஆறு பேருக்கு ஆறு பேர் என்று மோதலாம். பெரிய மைதானம் ஒன்றில் இறங்கி, கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு உயிரோடு வெளியேறும் ஆட்டமும் உண்டு.

பார்க்க அற்புதம். அதில் மறுபேச்சே இல்லை. ஆகாயத்தில் ஏறுவது, சட்டென்று பக்கவாட்டில் நழுவுவது, வாளை உருவிக்கொண்டு பாய்வது எல்லாமே வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. எதிரியைக் குறி வைக்கும் வேலையில் பாதியை விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. அக்கா மகன் பத்தே நிமிடத்தில் ஆளை அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

பிறகு ஜாய்ஸ்டிக்கை அப்பாவிடம் நீட்டினான். "லெஃப்ட்டு நடக்குறதுக்குப்பா. ரைட்டு பார்க்குறதுக்கு." மச்சானுக்கு ரெண்டு லிவர் என்றால் சொல்லித்தர வேண்டுமா? பிடித்துக்கொண்டார். ஆனால், ஐந்து நிமிடத்தில் முகம் சுளித்தார்.

"இதுல வெயிட்டே இல்லையே மாப்ளே. நம்ம வண்டி ஏழரை டன்னு. பக்கெட்டைத் தூக்குனா பின்னாடி ஒரு இழுப்பு இழுக்கும். அது முதுகுல தெரியணும். தெரியலேன்னா ஓட்டுறவன் செத்தான். இது என்னடான்னா காத்தாடி மாதிரி போகுது."

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ட்ரைசெரா என்ற குண்டு இயந்திரம். அது காலை ஊன்றி, ஒரே இடத்தில் கோட்டை மாதிரி நின்றுகொண்டு சரமாரியாகச் சுடும். "இந்தா... இதுக்கு வேலை தெரியும்! தோண்டுறதுக்கு முன்னாடி நாமளும் ரெண்டு காலையும் இறக்கித்தானே நிக்கிறோம்?" அன்றிரவு முழுக்க ட்ரைசெராவைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மற்றவர்கள் தலைக்கு மேல் பறந்து வந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எடை வேண்டுமென்று கேட்பவர்களுக்குப் பழைய விளையாட்டுகள்தான் சரி. 1997-ல் வந்த 'ஆர்மர்ட் கோர்' ஆட்டத்தில், வேலையை முடித்தால் கூலி வரும். அதில் சுட்ட குண்டுக்கும் பழுதுபார்த்த செலவுக்கும் கழித்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள். "மணிக்கணக்குக்கு வாடகை வாங்கி, டீசல் போக, டியூ போகன்னு உங்க மச்சான் நோட்டுல எழுதுறாரே, அதேதானா?"

2002-ல் கேப்காம் நிறுவனம் 'ஸ்டீல் பட்டாலியன்' என்று ஒன்று கொண்டுவந்தது. அதற்கென்றே தனிப் பலகை: சுமார் 40 பொத்தான்கள், இரண்டு லிவர், மூன்று பெடல். இன்ஜினைக் கிளப்பவே ஏழெட்டு சுவிட்ச் போட வேண்டும். இயந்திரம் வெடிக்கப்போகும்போது தப்பிக்கும் பொத்தானை அமுக்காவிட்டால், அதுவரை விளையாடிச் சேமித்தது அத்தனையும் அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்துதான்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் மச்சான்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவராகவே சொன்னார். 2018 நவம்பர் 16, கஜா புயல் கடந்த அன்று விடியற்காலையில் வண்டியை எடுத்தவர், நான்கு நாள் இறங்கவில்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னை அடியோடு சாய்ந்து கிடந்தது. ஓர் ஓட்டு வீட்டின் மேல் மரம் விழுந்து கிடக்க, உள்ளே ஒரு அப்பத்தா. கதவு திறக்கவில்லை. மரத்தைப் பக்கெட்டால் தூக்க வேண்டும். கொஞ்சம் நழுவினாலும் சுவரோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும்.

"லிவரை எவ்வளவு தள்ளுனேன்னு கேட்டா, ஒரு நெல்லு மொத்தம். அவ்வளவுதான். ஒரு நெல்லு, ஒரு நெல்லா ஒரு மணி நேரம்."

அப்பத்தா வெளியே வந்து, முதலில் வெற்றிலைப் பெட்டியைத் தேடினாராம்.

அக்கா மகன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தக் கதை அவனுக்குப் புதிது. எனக்கும் புதிது. 'நீ படிக்கிற வேலையைப் பாரு' என்று மச்சான் அவனை வண்டிப் பக்கமே விட்டதில்லை. "எந்த லிவர்ப்பா அது? வலதா, இடதா?" என்று கேட்டான். அவர் இரண்டு கையையும் காற்றில் வைத்துக் காட்ட ஆரம்பித்தார். பூம், கை, பக்கெட், திருப்பம். திரையில் ட்ரைசெராவை யாரோ அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த விளையாட்டு இலவசம். வருமானம் உள்ளே இருக்கும் கடையிலிருந்து வருகிறது. பைலட் பெண்ணுக்கு உடை, சிகையலங்காரம், இயந்திரத்துக்குப் பெயின்ட் என்று காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையில், டெமோவில் ரோபோவைவிட அந்தப் பெண்ணின் அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை எனக்கு உறுத்தியது. 2025 ஜூலையில் முழு விளையாட்டும் வந்துவிட்டது. பிள்ளைகள் இறக்கினால் தடுக்க வேண்டியதில்லை. உங்கள் கார்டு நம்பரை மட்டும் அதில் பதிந்து வைக்காதீர்கள்.

மார்ச் 16-க்குப் பிறகு அக்கா மகன் போன் செய்தான். கேமிங் லேப்டாப் கேட்டு அழுவான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மாமா, ஞாயித்துக்கிழமை அப்பா வண்டியில உக்கார வச்சாங்க. இன்ஜின் ஆஃப்லதான். லிவர் ரொம்ப டைட்டு மாமா, ரெண்டு கையாலயும் தள்ள வேண்டியிருக்கு."

பின்னால் மச்சானின் குரல் கேட்டது: "சாவியை எங்கடா வச்ச?"