திரும்பி வரும் வழி

மோட்டார் வண்டி காலையில் இயங்க மறுத்தால் நம்மவர் முதலிற் குற்றஞ்சாட்டுவது பற்றரியைத்தான். புதிய பற்றரி வாங்கப்படுகிறது. சிலநாள் வண்டி ஓடுகிறது. பின்னர் பழைய கதையே தொடர்கிறது. அடுத்ததாக ஸ்ராட்டர் மோட்டார் கழற்றப்படுகிறது. அதுவும் பயன் தராதபோது, வண்டிக்கு வயதாகிவிட்டதென்று தீர்ப்புக் கூறப்படுகிறது. என் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் வண்டிக்கும் இத்தீர்ப்பு வழங்கப்பட்டதுண்டு.

மின்னோட்டத்துக்குப் போகும் வழி ஒன்று வேண்டும்; திரும்பி வரும் வழியும் ஒன்று வேண்டும். வீட்டில் இரண்டுக்கும் கம்பிகள் உள. மோட்டார் வண்டியிலோ பெரும்பாலும் போவதற்கு மட்டுமே கம்பி; வருவதற்கு வண்டியின் உருக்கு உடலே வழி. இதற்காகப் பற்றரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனைப் புவித்தொடுப்பு என்பர். புவிக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பது வேறு விடயம். மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளில் இவ்வாறு இணைக்கப்படுவது நேர்முனை. இக்கால வண்டிகளில் எதிர்முனை. பழக்கத்தின் காரணமாகப் பற்றரியை மாறிப் பூட்டி, வண்டியிலிருந்த வானொலிப் பெட்டியை எரித்தவர்களும் உளர்.

இனி, எஞ்சின் உடலோடு நேரே தொட்டிருப்பதில்லை. அதிர்வைத் தாங்கும் பொருட்டு அது றப்பர்த் துண்டுகளின்மேல் இருத்தப்பட்டுள்ளது. றப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே, செப்பு இழைகளாற் பின்னிய பட்டியொன்று எஞ்சின் பகுதியையும் உடலையும் இணைக்கிறது. வண்டியின் அடியிலே சேறும் எண்ணெயும் படியும் இடத்தில் அது இருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. கடற்காற்றும் மாரிமழையும் அதனை மெல்ல அரித்துவிடுகின்றன.

அரிப்பினால் அங்கே 0.02 ஓம் தடை ஏற்பட்டதென வைத்துக்கொள்வோம். மிக அற்பமான தடைதான். 4 அம்பியர் மின்னோட்டம் அதனூடாகச் சென்றால் இழப்பு 0.08 வோல்ற்று மட்டுமே, எவரும் அறியார். ஆனால் ஸ்ராட்டர் மோட்டாருக்கு 100 அம்பியருக்கு மேல் வேண்டும். 100 அம்பியருக்கே 2 வோல்ற்று அவ்விடத்தில் வீணாகிவிடும். சும்மா இருக்கும் பற்றரியை அளந்தால் 12.6 வோல்ற்று காட்டும், விளக்குகளும் பிரகாசிக்கும், எஞ்சின் மட்டும் சுழலாது.

ஒரு மாரிகால இரவில், மூச்சுத்திணறலால் அவதியுற்ற என் தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது ஸ்ராட்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. பற்றரி வாங்கி ஒரு மாதங்கூட ஆகவில்லை. அயல்வீட்டுத் தம்பியின் முச்சக்கரவண்டியிலே சென்றோம்; அம்மா தப்பிவிட்டார். மறுநாள் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கையில், சோக் கம்பியைப் பிடித்த என் கை சுட்டது. எஞ்சினுக்குக் காற்றுக் கலவையைச் செறிவாக்கும் அந்த மெல்லிய கம்பியில் வெப்பத்துக்கு என்ன வேலை? செப்புப் பட்டி அறுந்துபோனதால், மின்னோட்டம் எஞ்சினையும் உடலையும் தொடும் இக்கம்பியைத் தன் வழியாக்கிக் கொண்டது. இன்னும் சிலமுறை முயன்றிருந்தால் தீயும் பிடித்திருக்கக்கூடும்.

இக்குறையைக் கண்டறிவது கடினமன்று. முன்விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்ராட்டரை இயக்குங்கள். விளக்குகள் மிக மங்கினால் பற்றரியையும் அதன் முனைகளையும், இறுகிப்போன ஸ்ராட்டரையும் ஐயுறுக. மங்காமலே எஞ்சின் சுழலாதிருந்தால், ஸ்ராட்டருக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ குறை உளது. அப்போது வோல்ற்றுமானியின் ஒரு நுனியை எஞ்சினின் வெற்று உலோகத்திலும், மற்றதை உடலோடு இணைந்த பற்றரி முனையிலும் வைத்து ஸ்ராட்டரை இயக்குக. மானி அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் திரும்பும் வழியே பழுது. ஒரு விளக்கு மட்டும் மங்கலாக எரியுமாயின், அதன் கூட்டிலிருந்து உடலுக்கு ஒரு கம்பியைத் தொடுத்துப் பாருங்கள். பிரகாசித்தால் அங்கும் இதே நோய்தான்.

பட்டியை மாற்றுமுன் உடலோடு இணைந்த பற்றரி முனையைக் கழற்றிவிட வேண்டும். பட்டி பொருந்தும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, இறுகப் பூட்டியபின் மேலே சிறிது வாசலின் பூசுக. என் வண்டிக்கு இவ்வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது.