கொட்டாங்குச்சிக்கு ஒரு பிளாஸ்டிக் வாரிசு

ஷாம்பு பாட்டிலை நான் இப்போதெல்லாம் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் கொண்டாட்டம்! அது எச்டிபிஇ, வீட்டிலேயே உருக்கி வார்க்க எனக்கு வேண்டிய பிளாஸ்டிக். 5 என்றால் பிபி; பார்சல் சாப்பாடு வரும் டப்பாக்கள் பலவும் இந்த வகைதான். 3 கண்ணில் பட்டால் மட்டும் நேராகக் காயலான் கடைக்கு. அது பிவிசி, சூடு அதிகமானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அதோடு நமக்குச் சகவாசமே வேண்டாம்.

நெதர்லாந்தின் டேவ் ஹாக்கன்ஸ் 2013இல் 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' என்ற பெயரில், பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி வார்க்கும் சிறு இயந்திரங்களின் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டார். அந்த வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் உலோக அச்சு வைத்திருப்பார்கள். அலுமினியத்தைக் கடைந்து ஒரு அச்சு செய்ய எவ்வளவு ஆகும் என்று லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக்குக்கு முன்னால் பர்ஸ் உருகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருக்க நமக்கென்ன கவலை?

வாருங்கள், பால்கனிக்கு. கொட்டாங்குச்சி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வார்க்கப் போகிறோம். கதாநாயகன், கண் இருக்கும் பக்கத்துக் கொட்டாங்குச்சி. ஏன் அதுவே? வாய் அகலம், அடி குறுகல். அச்சுக்குள் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் நழுவி வரும். இன்னொரு ரகசியமும் உண்டு, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை கொட்டத் தோன்றுகிறது. ஓட்டின் வெளிப்பக்கத்தில் பிளாஸ்டரை ஊற்றினால் பள்ளமான அச்சு. ஓட்டை எடுக்காமலே அப்படியே திருப்பி வைத்து உள்பக்கத்தில் ஊற்றினால் அதற்கேற்ற குமிழ். இரண்டும் இறுகியதும் நடுவிலிருக்கும் ஓட்டை எடுத்துவிடுங்கள். மிஞ்சும் இடைவெளி சரியாக ஓட்டின் கனம்! அளவுகோலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

முதலில் ஓடு முழுக்க வாசலின் தடவ வேண்டும். கண்களைக் களிமண் வைத்து லேசாக அடைத்து, ஓட்டைப் பலகையில் கவிழ்த்து, விளிம்பையும் களிமண்ணால் மூட வேண்டும். அடி வெட்டிய பழைய ஐஸ்கிரீம் டப்பாதான் சுற்றுச்சுவர். பிளாஸ்டரைக் கலக்கும்போது தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை விட்டால் கட்டி கட்டியாகிவிடும். தண்ணீருக்கு மேல் குட்டித் தீவுகள் முளைக்கும்வரை தூவி, ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி எழாமல் மெதுவாகக் கிளற வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் ஊற்றி, மேசையைத் தட்டிக் காற்றை வெளியேற்றலாம். முதல் பாதி இறுகியதும் அதன் விளிம்பில் இரண்டு சிறு குழி தோண்டி, வாசலின் பூசிய பிறகே குமிழை வார்க்க வேண்டும். குழியில் மேடு உட்கார்ந்தால் இரண்டு பாதியும் இடம் மாறாது. மிச்சப் பிளாஸ்டரைக் கழுவுதொட்டியில் கொட்டினால் அது குழாய்க்குள்ளேயே கல்லாகி நிற்கும், பிறகு பிளம்பர்தான் கதி.

இறுகும்போது பிளாஸ்டர் கொதிகொதி என்று சூடாகும். அதற்குள் கையை மட்டும் புதைக்காதீர்கள். 2007இல் இங்கிலாந்தில் ஓவிய வகுப்பில் அப்படிக் கை வைத்த ஒரு பள்ளி மாணவி விரல்களை இழந்தாள்.

திரைக்குப் பின்னால் இருக்கும் வில்லன் தண்ணீர். 100 கிராம் பொடி கல்லாக மாற சுமார் 18.6 கிராம் தண்ணீர் போதும். ஆனால் ஊற்றும் பதம் வர 70 கிராம்வரை சேர்க்கிறோம். மீதி சுமார் 50 கிராமும் அச்சின் நுண்ணிய துளைகளில் பதுங்கியிருக்கும். அதன் மேல் சூடான பிளாஸ்டிக் பட்டதும் நீராவியாகி, பளபளவென்று வர வேண்டிய பரப்பைக் கொப்புளமாக்கிவிடும். அதனால் அச்சைப் பல நாள் காற்றில் காயவைப்பதுதான் இந்த வேலையின் பாதி. அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் பிளாஸ்டர் தன் உடம்பிலேயே கட்டிவைத்திருக்கும் தண்ணீரையும் இழந்து பொடியாக ஆரம்பிக்கும். காய்ந்ததா என்று அறிய மண்பாண்டக்காரர்களின் வழி ஒன்று உண்டு: அச்சைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அடுத்து வேடிக்கை. சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தாத ஓடிஜி மின்அடுப்பு, திறந்த ஜன்னல், கனமான கையுறை. எச்டிபிஇ சுமார் 130 டிகிரி செல்சியஸிலேயே உருகும். நறுக்கிய பாட்டில் துண்டுகளை 180 டிகிரியில் வைத்தால் நன்றாக இளகும். லேசான மெழுகு வாசனை வரலாம், புகை மட்டும் வரக்கூடாது. வந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும். ஊற்றுமளவுக்கு ஓடுகிற சமாசாரம் இல்லை இது, இழுத்தால் நீளும், முறுக்கினால் முறுகும். வெள்ளையும் நீலமும் பச்சையும் சேர்த்து முறுக்கும்போது சலவைக்கல் வரிகள் ஓடுமே, ஆகா! மடமடவென்று உருட்டி, லேசாகச் சூடாக்கிய அச்சில் போட்டு, குமிழை அழுத்தி, மேலும் கீழும் பலகை வைத்து கிளாம்பை முடுக்க வேண்டும். பிளாஸ்டர் அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும், பலகை அதற்குத்தான்.

ஆற ஆற கிளாம்பை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஏனென்றால் எச்டிபிஇ ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு 2, 3 மில்லிமீட்டர் சுருங்கும். வெளி அச்சிலிருந்து அதுவே விலகிக்கொள்ளும். உள்குமிழைத்தான் இறுகக் கவ்வும். அதனால் உருவம் நின்றதும், இளஞ்சூடு இருக்கும்போதே குமிழை உருவிவிட வேண்டும்.

வெளியே வந்ததைப் பாருங்கள்! நாரின் கோடுகள் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கின்றன, அடியில் மூன்று கண்ணும்! சாவி போடலாம், சோப்பு வைக்கலாம். சாப்பாட்டுக்கு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு சூட்டிலும் பிளாஸ்டரின் மேல்தோல் கொஞ்சம் மாவாகும், ஒரு கட்டத்தில் கோடுகள் மங்கும். அப்போது வேறு தேங்காயை உடைத்து, சட்னியும் அரைத்துக்கொண்டு புது அச்சு வார்க்கலாம். ஓரத்துப் பிசிறுகளைக் கத்தியால் சீவி, பிளாஸ்டிக் துண்டுகள் சேர்த்துவைக்கும் ஜாடியில் திரும்பப் போட்டாயிற்று. இப்போது தட்டுப்பாடு ஊதா நிறத்துக்குத்தான். எதிர்வீட்டு மாமி வாங்கும் துணி அலசும் திரவத்தின் பாட்டில் அருமையான ஊதா, அடியில் 2. இன்னும் கால்வாசி மிச்சமிருக்கிறதாம், மாமி சீக்கிரம் துவைத்து முடித்தால் தேவலை.